‘அவங்களா விரும்பித்தானே வந்தாங்க?’

இரண்டு மாதத்தில் இது மூன்றாவது தடவை. தொழில் வேறு, முதலாளி வேறு, வசனம் மட்டும் அச்சு மாறாமல் அதேதான்: “நாங்க யாரையும் கட்டிப்போட்டு வேலை வாங்கலையே மேடம், அவங்களா விரும்பித்தானே வந்தாங்க?” முதல் இரண்டு தடவையும் குறிப்பு எடுத்துக்கொண்டு பேசாமல் வந்துவிட்டேன். இந்தத் தடவை முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

என் வேலை தணிக்கை. வரவு செலவுத் தணிக்கை இல்லை. பெரிய கம்பெனிகள் எங்கெங்கே சரக்கு வாங்குகின்றனவோ அந்தத் தொழிற்சாலைகளுக்குப் போய், வேலை செய்கிறவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்து அறிக்கை கொடுப்பது. வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்கும் இடங்கள்தான் பெரும்பாலும் என் தலையில் விழும்.

கடைசியாகப் போன இடத்தில் ஹெச்.ஆர். அறையில் ஓர் இரும்பு பீரோ. திறக்கச் சொன்னேன். 41 பாஸ்போர்ட், பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் டோக்கன் நம்பர் ஒட்டி, பார்க்க அத்தனை நேர்த்தி. “தொலைச்சிடுவாங்க மேடம், அதான் நாங்களே பத்திரமா வெச்சிருக்கோம்.” சரி, யாராவது திருப்பிக் கேட்டால்? “லெட்டர் எழுதிக் கொடுத்தா உடனே கொடுத்துடுவோம்.” அந்த லெட்டர் ஃபைலைக் கேட்டேன். ஃபைல் இருந்தது, உள்ளே ஒரு தாள்கூட இல்லை. பீரோ சாவி முதலாளியின் மைத்துனரிடம் இருக்கும், அவர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார், அன்றைக்கு நான் வருகிறேன் என்பதால் வந்திருந்தார் என்பதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது. பாஸ்போர்ட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். அவ்வளவு பத்திரமாக வைத்திருந்ததில் 3 காலாவதியாகிக் கிடந்தன.

அடையாள ஆவணத்தைப் பிடித்து வைப்பது, கட்டாய உழைப்புக்கு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு (ஐ.எல்.ஓ.) பட்டியலிட்டிருக்கும் 11 அறிகுறிகளில் ஒன்று என்று சொன்னபோது மைத்துனர் முகத்தில் நிஜமான அதிர்ச்சி. நடிப்பில்லை. தான் உபகாரம் செய்துகொண்டிருப்பதாகவே மனுஷர் நம்பிக்கொண்டிருந்தார். தொலைந்துவிடும் என்று அவ்வளவு கவலை என்றால் ஆளுக்கொரு பூட்டுப் பெட்டி வாங்கிக் கொடுங்கள், சாவி அவரவர் கையில் இருக்கட்டும். இதற்கு ஒரு தணிக்கையாளர் வந்தா சொல்ல வேண்டும்?

இப்போது அந்த ‘விரும்பி வந்தாங்க’ விஷயத்துக்கு வருகிறேன்.

அதே தொழிற்சாலையில் ஒருவரிடம் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் தனியாகப் பேசினேன். சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்தார். இடது பக்கம் வாங்கிய கடன்: ஏஜென்ட் கமிஷன், மருத்துவப் பரிசோதனை, டிக்கெட், ‘பயிற்சி’ என்று ஒரு தொகை (என்ன பயிற்சி என்று அவருக்கே தெரியாது). வலது பக்கம் அடைத்தது. ஏஜென்ட் சொன்ன சம்பளத்தில் கணக்குப் போட்டால் இடது பக்கக் கூட்டல் 14 மாதச் சம்பளம். கையில் வருகிற சம்பளத்தில் போட்டால் 19 மாதம். வட்டி தனி. ஊரில் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் ஒன்று, வந்து இறங்கியதும் தனக்குப் புரியாத மொழியில் கையெழுத்து வாங்கிய ஒப்பந்தம் இன்னொன்று. அந்த 14-க்கும் 19-க்கும் நடுவில் இருப்பது இதுதான்.

இவர் எதற்குச் சம்மதித்தார்? முதல் தாளில் இருந்த வேலைக்கும் சம்பளத்துக்கும். இரண்டாவது தாளைக் கண்ணில் பார்க்கும்போது கடன் ஏற்கெனவே ஏறிவிட்டது, பாஸ்போர்ட் பீரோவுக்குள் போய்விட்டது, வேலை அனுமதி முதலாளி பெயரோடு கட்டப்பட்டிருக்கிறது. “வேண்டாம், நான் போகிறேன்” என்று சொன்னால் என்ன ஆகும் என்பதை யோசித்துப் பாருங்கள். வேண்டாம் என்று சொல்ல வழியே இல்லாத இடத்தில் வாங்கிய ‘சரி’யை யாரும் சம்மதம் என்று சொல்ல மாட்டார்கள், நாம் மட்டும்தான் சொல்கிறோம். இது நான் கண்டுபிடித்த தத்துவம் இல்லை. 1930-லேயே ஐ.எல்.ஓ.வின் 29-ஆவது உடன்படிக்கை, தண்டனைக்குப் பயந்து, தானாக முன்வராமல் செய்யும் வேலையைக் கட்டாய உழைப்பு என்று வரையறுத்துவிட்டது. ஆள்கடத்தல் பற்றிய ஐ.நா.வின் 2000-ஆம் ஆண்டு பலெர்மோ நெறிமுறை இன்னும் ஒரு படி மேலே போய், ஏமாற்றியோ மிரட்டியோ ஒருவருடைய நிராதரவான நிலையைப் பயன்படுத்தியோ ஆளெடுத்துச் சுரண்டினால், அவர் சம்மதித்தார் என்ற பேச்சே செல்லாது என்கிறது. தண்டனை என்றதும் சவுக்கு, சங்கிலி என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். “திருப்பி அனுப்பிடுவேன்” என்ற ஒரு வார்த்தை போதும், 19 மாதக் கடன் இருப்பவருக்கு அதைவிடப் பெரிய மிரட்டல் கிடையாது.

அடுத்த வசனம், “சொந்த ஊர்ல இதுல பாதிகூடக் கிடைக்காது.” இருக்கட்டுமே. அவர் ஊரில் என்ன கிடைக்கும் என்பது உங்கள் சம்பளப் பட்டியலில் எந்தக் கட்டத்தில் வருகிறது? பக்கத்து மெஷினில் அதே வேலையைச் செய்யும் உள்ளூர்க்காரருக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. அப்புறம், “ஓவர்டைம் அவங்களே கேட்டு வாங்கறாங்க” என்பது. கேட்கத்தான் செய்வார்கள். அடிப்படைச் சம்பளத்தில் கடனுக்கு வட்டி மட்டும்தான் கட்ட முடியும், அசலில் கை வைக்க ஓவர்டைம்தான் ஒரே வழி. அதை ஆர்வம் என்று பெருமையாகச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வாயே வருவதில்லை.

எங்களை ஏமாற்றுவதும் சுலபம்தான், ஒப்புக்கொள்கிறேன். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனால் எல்லோரும் ஒரே வாக்கியத்தை ஒரே வரிசையில் ஒப்பிப்பார்கள். தொழிற்சாலையே ஏற்பாடு செய்த மொழிபெயர்ப்பாளர் ஒருமுறை, ஒருவர் மூன்று நிமிடம் கண் கலங்கிப் பேசியதை “பிரச்சினை ஒன்றுமில்லை என்கிறார்” என்று முடித்தார். அன்றிலிருந்து மொழிபெயர்ப்பாளரை நானே கூட்டிக்கொண்டு போகிறேன். தங்குமிடத்துக்குப் போனால் முதலில் வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணுவேன், அப்புறம் பாத்ரூமில் டூத் பிரஷ். பதிவேட்டில் 24 பேர் என்று இருக்கும் அறையில் 37 பிரஷ் இருந்தால், மீதி 13 பேர் யார் கணக்கில் இருக்கிறார்கள் என்று கேட்பேன். பதில் வழக்கமாக ஒன்றுதான்: “அவங்க கான்ட்ராக்டர் ஆளுங்க மேடம்.”

கான்ட்ராக்டர் ஆள் என்றால் நம் பொறுப்பில்லை என்று எந்தப் புண்ணியவான் சொல்லிக் கொடுத்தாரோ. 2004 பிப்ரவரி 5 இரவு, இங்கிலாந்தின் மோர்காம் விரிகுடாவில் மட்டி பொறுக்கிக்கொண்டிருந்த சீனத் தொழிலாளர்களைக் கடல் ஏறி வந்து சூழ்ந்துகொண்டது. குறைந்தது 21 பேர் செத்தார்கள். அந்தக் கடலைப் பற்றி எதுவும் தெரியாதவர்களை இருட்டில் இறக்கிவிட்டவர் ஒரு கூலி ஆள்பிடிப்பவர். பின்னால் அவருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது, அந்த வருடமே இப்படி ஆள் சப்ளை செய்கிறவர்களுக்கு உரிமம் கட்டாயம் என்று பிரிட்டனில் சட்டம் வந்தது. 21 பேர் போன பிறகு.

நியாயம் அநியாயம் பேசினால் கொட்டாவி விடுகிறவர்களுக்கு வியாபார மொழியிலேயே சொல்கிறேன். டாப் குளோவ் என்ற மலேசிய ரப்பர் கையுறை நிறுவனம், அந்தத் தொழிலில் உலகிலேயே பெரியது. 2020 ஜூலையில், கொரோனாவால் உலகமே கையுறைக்கு அலைந்துகொண்டிருந்த நேரத்தில், கட்டாய உழைப்புப் புகாரில் அதன் இரண்டு துணை நிறுவனங்களின் சரக்கை அமெரிக்கச் சுங்கத்துறை நிறுத்தியது. 2021 மார்ச்சில் சரக்கைப் பறிமுதல் செய்யும் அளவுக்குப் போனது. தொழிலாளர்களுக்கு 3 கோடி டாலருக்கு மேல் கொடுத்து, தங்குமிடங்களைச் சரிசெய்த பிறகு அந்த செப்டம்பரில்தான் தடை நீங்கியது. தொழிலாளர்கள் ஊரில் ஏஜென்ட்டுக்கு அழுத பணம், கடைசியில் கம்பெனி கணக்கிலிருந்தே போனது. ஐரோப்பிய ஒன்றியமும் 2024-இல் இதற்கென்று ஒரு விதி கொண்டுவந்திருக்கிறது. 2027 டிசம்பர் 14 முதல், கட்டாய உழைப்பில் உருவான எந்தப் பொருளையும் அங்கே விற்க முடியாது. உள்ளே இருக்கும் ஒரு சின்ன உதிரிபாகம் அப்படிச் செய்யப்பட்டிருந்தாலும் சேர்த்திதான்.

உலகம் முழுக்கக் கட்டாய உழைப்பில் இருப்பவர்கள், ஐ.எல்.ஓ.வின் 2021 மதிப்பீட்டின்படி, 2 கோடியே 76 லட்சம் பேர். புலம்பெயர்ந்த தொழிலாளர் அதில் சிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கும் அதிகம்.

செய்ய வேண்டியது ரொம்பச் சிக்கலானதில்லை. ஆள் உங்களுக்குத்தான் தேவை, ஆகவே ஆள் எடுக்கும் செலவு உங்களுடையது. ஏஜென்ட் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று ஐ.எல்.ஓ.வின் 181-ஆவது உடன்படிக்கை 1997-லேயே சொல்லிவிட்டது. “நாங்க ஏஜென்ட்டுக்குக் கட்டிட்டோம்” என்று ரசீதைக் காட்டிப் பிரயோஜனம் இல்லை. அவர் இரண்டு பக்கமும் வாங்கியிருப்பார். வந்து சேர்ந்தவரிடம், சூப்பர்வைசர் இல்லாத இடத்தில், அவர் மொழியில், ஊரில் யாருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று நீங்களே கேளுங்கள். பல இடங்களில் அந்தக் கேள்வியை முதன்முதலில் கேட்பது நானாக இருக்கிறேன், அதுவும் அவர் வந்து இரண்டு வருடம் கழித்து. ஒப்பந்தம் அவர் கிளம்புவதற்கு முன்னால் அவருக்குப் புரியும் மொழியில் கையில் இருக்க வேண்டும், வந்த பிறகு ஒரு வரிகூட மாறக் கூடாது. சம்பளம் அவர் பெயரில் இருக்கும் வங்கிக் கணக்குக்குப் போகட்டும், ஏ.டி.எம். கார்டும் அவரிடமே இருக்கட்டும். (சிரிக்க வேண்டாம், முப்பது கார்டுகளைக் கொத்தாக வைத்திருந்த சூப்பர்வைசரையும் பார்த்திருக்கிறேன்.) பிடித்தம் என்று ஒரு வரி இருந்தால் எதற்கு என்று எழுதுங்கள், ‘இதர’ என்று எழுதாதீர்கள்.

சரக்கு வாங்கும் கம்பெனிக்காரர்களே, உங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். விலையை அடிமாட்டு விலைக்குக் குறைத்துவிட்டு, ஆர்டரைப் பத்து நாள் முன்னால் இழுத்துவிட்டு, அப்புறம் ஓவர்டைம் ஏன் இவ்வளவு என்று என்னை அனுப்புகிறீர்கள். என் அறிக்கையில் அதற்கு இடமில்லை, அதனால் இங்கே சொல்கிறேன். இன்னொன்று, தயவுசெய்து கேளுங்கள்: தப்பு தெரிந்த மறுநாளே ஆர்டரை ரத்து செய்துவிட்டு உங்கள் கையைக் கழுவிக்கொள்ளாதீர்கள். நீங்கள் போனால் தொழிற்சாலை மூடும், அவர்களுக்கு வேலை அனுமதி போகும், கடன் மட்டும் அப்படியே நிற்கும். கூட இருந்து பணத்தைத் திருப்பிக் கொடுக்க வையுங்கள், அதற்கு மறுத்தால் அப்புறம் போங்கள்.

அந்த 41 பேருக்கும் பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டது, பூட்டுப் பெட்டியும் வாங்கியாயிற்று. காலாவதியான மூன்றையும் புதுப்பிக்கும் செலவைக் கம்பெனியே ஏற்றிருக்கிறது. ஏஜென்ட் கட்டணத்தை ஆறு தவணையில் திருப்பித் தருவதாக மைத்துனர் எழுதிக் கொடுத்திருக்கிறார், முதல் தவணை அடுத்த மாதம். நான் போய்ச் சம்பளப் பட்டியலைப் பார்ப்பேன். அதற்கு முன்னால் அந்த நோட்டின் வலது பக்கத்தைப் பார்ப்பேன்.