மூன்றாம் தண்ணீர் ஊற்றிய பிறகும்: எம்பாக்ஸ் விட்டுப்போகும் மிச்சங்கள்

அம்மை கண்டவருக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றிவிட்டால் வீடே மூச்சுவிடும். சின்னம்மைக்கு அந்தக் கணக்கு பெரும்பாலும் சரிவரும். குரங்கம்மை என்று நாம் சொல்லிவந்த எம்பாக்ஸுக்குச் சரிவராது. இதில் நாட்களை எண்ணக்கூடாது, பக்கைப் பார்க்க வேண்டும். கடைசிப் பக்கு தானாக உதிர்ந்து, அடியில் புதுத்தோல் முழுதாக மூடினால்தான் தொற்று ஓய்ந்ததாகப் பொருள். பலருக்கு இது 2 முதல் 4 வாரத்தில் முடியும். உள்ளங்காலில் தோல் தடிமன் என்பதால் அங்கே பக்கு தாமதமாக விழும். முகம் தெளிந்ததும் வேலைக்குக் கிளம்புகிறவர்கள் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பதே இல்லை.

உதிர்ந்த பக்கிலும் வைரஸ் இருக்கும். அதனால் அறையைத் துடைப்பத்தால் பெருக்க வேண்டாம், தூசியோடு பறக்கும். ப்ளீச்சிங் கரைசலில் நனைத்த துணியால் துடைத்தெடுங்கள். படுக்கை விரிப்பை உதறாமல் சுருட்டித் துவைக்கப் போடுங்கள். விந்திலும் வைரஸ் தங்குவதால், குணமான பிறகும் 12 வாரம் ஆணுறை அணியச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இனி தழும்பு. பள்ளத்தழும்பு ஆழமாவதற்குப் பெரிய காரணங்கள் இரண்டு: பக்கைப் பிய்ப்பது, புண்ணில் சீழ் பிடிப்பது. வாய்விட்ட புண்ணில் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து அப்புவது இரண்டாவதற்கு வழிவிடும். தலைமாட்டில் வேப்பிலைக் கொத்து வைப்பதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை, புண்ணின் மேல் வேண்டாம், அவ்வளவுதான். தோல் மூடியதும் சிலிகோன் ஜெல்லை மெல்லிய படலமாக, காலையும் இரவும், குறைந்தது 2 முதல் 3 மாதம் தடவலாம். புடைத்த தழும்புக்குத்தான் அது உதவும், பள்ளத்தை நிரப்பாது. நம் நிறத்துத் தோலில் கருமை படிவது சாதாரணம். அது மங்க 6 மாதம் முதல் ஒரு வருடம்கூட ஆகும், வெயில் பட்டால் இன்னும் இழுக்கும். எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்க்ரீனை ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். வெயிலில் நின்றால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். மருந்துக் கடையில் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் 'கருப்பு போகிற' க்ரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. முதல் இரண்டு வாரம் பளிச்சென்று தெரியும், பிறகு தோல் மெலிந்து ரத்தக்குழாய் தெரிய ஆரம்பிக்கும். பள்ளத்துக்கு லேசர், நுண்ணூசிச் சிகிச்சை எல்லாம் உண்டு. ஆனால் தழும்பு அடங்கச் சில மாதம் பொறுக்க வேண்டும்.

தழும்பைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. கண்ணைப் பற்றி யாரும் கேட்பதில்லை. புண்ணைத் தொட்ட கை இமைக்குப் போனாலே வைரஸ் கருவிழிக்குப் போகலாம். கண் சிவப்பது, வெளிச்சம் பார்க்கக் கூசுவது, மங்கலாகத் தெரிவது, மணல் விழுந்த உறுத்தல் என்று எது வந்தாலும், உடம்பிலுள்ள புண் ஆறிவிட்டிருந்தாலும், அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள். சாயம் விட்டு நீலவெளிச்சத்தில் பார்த்தால் கருவிழிப்புண் பச்சையாக ஒளிரும். வீட்டில் கிடக்கும் பழைய ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மட்டும் விடாதீர்கள். சிவப்பு குறையும், வைரஸ் கண்ணுக்குள் நீடிக்கும். கருவிழியில் தழும்பு விழுந்தால் பார்வை திரும்புவது கடினம்.

கூச்சத்தால் மறைக்கப்படுவது ஆசனவாய் வேதனை. 2022 உலகப் பரவலில் மலக்குடல் அழற்சி நிறையப் பேரைப் படுத்தியது. வலிக்குப் பயந்து மலத்தை அடக்குவார்கள், அது இறுகும், வெளியேறும்போது ஆறிவரும் இடம் மறுபடி கிழியும். வலிக்குக் கொடுக்கும் ட்ரமடால் மலச்சிக்கலைக் கூட்டிவிடும். எனவே வலிமருந்து தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். இசப்கோல் உமி ஒன்று அல்லது இரண்டு டீஸ்பூன், பெரிய தம்ளர் நிறையத் தண்ணீரில். தண்ணீர் குறைந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். அகலமான பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, மலம் கழித்த பிறகு 10 முதல் 15 நிமிடம் உட்காரலாம். டெட்டாலோ பொட்டாஷோ கலக்க வேண்டாம். சில வாரம், சில மாதம் கழித்து மலம் பென்சில் தடிமனில் வர ஆரம்பித்தால், தழும்பு சுருங்கிப் பாதை குறுகுகிறது என்று அர்த்தம். ஆரம்பத்திலேயே மருத்துவரிடம் வந்தால் விரிவாக்கிச் சரிசெய்யும் வாய்ப்பு அதிகம். சிறுநீர்ப் பாதைக்கும் இதே கதைதான்: தாரை மெலிவது, இரண்டாகப் பிரிவது, முக்கிக் கழிப்பது. முன்தோல் பின்னுக்கு வராமல் இறுகினால் பலவந்தமாக இழுக்காதீர்கள்.

4 வாரம் தாண்டியும் புதுப்புண் முளைத்துக்கொண்டே இருந்தால் களிம்பை மாற்றிப் பயனில்லை, எதிர்ப்புச் சக்தியைப் பார்க்க வேண்டும். எச்ஐவி பரிசோதனை எம்பாக்ஸ் வந்த எல்லோருக்குமே தேவை. எச்ஐவியோடு சிடி4 (எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் ரத்த வெள்ளையணு) எண்ணிக்கை 350க்குக் கீழிருந்த 382 எம்பாக்ஸ் நோயாளிகளை ஆராய்ந்து 2023-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில் 27 பேர் இறந்திருந்தார்கள். அந்த 27 பேருக்கும் சிடி4 200க்குக் கீழே.

தூக்கம் கெடுவது, கண்ணாடியைத் தவிர்ப்பது, வலி போன பிறகும் தாம்பத்தியத்துக்குப் பயப்படுவது எல்லாம் சில மாதம் நீளலாம். மறுபரிசோதனைக்கு வரும்போது இதையும் சொல்லுங்கள், மனநல ஆலோசனைக்கு அனுப்ப முடியும். அலுவலகத்துக்குச் சான்றிதழ் வேண்டுமென்றால், 'தொற்று பரப்பும் நிலையில் இல்லை, பணிக்குத் திரும்பலாம்' என்ற அளவில் எழுதித்தரக் கேட்டுப் பாருங்கள்.