மாற்றுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுகிறவர்கள்

கணினி பழுது பார்க்கும் என்னிடம் இந்த மாதத்தில் இப்படி வந்த மூன்றாவது ஆள் இவர். கணினியை என் மேசைமேல் வைத்துவிட்டு, "பயப்பட ஒன்றுமில்லை சார், டி டிரைவில் பேக்கப் இருக்கிறது" என்றார். பேக்கப் என்றால் கோப்புகளின் மாற்று நகல். ஆன் செய்து காதை வைத்தேன். டிக், டிக், டிக். ஹார்ட் டிஸ்க் பழுதாகும் சத்தம். இரண்டே நொடியில் அணைத்துவிட்டேன். நான்கு வருடக் கணக்கு வழக்கு உள்ளே இருக்கிறது.

ஹார்ட் டிஸ்க் ஒன்று மட்டுமே உள்ள கணினியில் சி, டி என்பவை இரண்டு டிஸ்க் அல்ல. ஒரே டிஸ்க்கைத் தடுத்துப் பிரித்த இரண்டு அறைகள். அதே தட்டு, அதே மோட்டார். சந்தேகமிருந்தால் விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பாருங்கள். 'டிஸ்க் 0' என்ற ஒரே வரிசையில் சி-யும் டி-யும் ஒட்டி நிற்கும். இந்த நம்பிக்கை பரவியதில் எங்கள் தொழில்காரர்களுக்கும் பங்குண்டு. விண்டோஸை மறுபடி போடும்போதெல்லாம் "டி-யில் இருப்பது போகாது" என்று சொல்லி வைத்தோம். சி-யை மட்டும் ஃபார்மட் செய்து துடைக்கும்போது அது சரி. டிஸ்க்கே போனால்?

வீட்டு மாற்றுச் சாவி எங்கே என்று அவரிடம் கேட்டேன். "தம்பி வீட்டில்." ஏன், உங்கள் வீட்டுக்குள்ளேயே வைக்கலாமே? என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உள்ளே இருந்தால் வெளியே மாட்டிக்கொள்ளும்போது எப்படி சார் எடுப்பது?" அதேதான் சார்!

முக்கியமான கோப்புகளுக்கு மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு கட்டடத்தில். வெளி டிஸ்க்கில் நகலெடுத்ததும் கழற்றி வையுங்கள். செருகியே கிடந்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். கூகுள் டிரைவில் சிங்க் ஆவதை, அதாவது இங்கே செய்யும் மாற்றம் தானாக அங்கேயும் நடப்பதை, மட்டும் நம்பாதீர்கள். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் கிடக்கும்.

அப்புறம், கதவைப் பூட்டியபின் ஒருமுறை இழுத்துப் பார்க்கிறோமே, அதை இங்கேயும் செய்யுங்கள். ஓர் அலுவலகத்தில் இரண்டு வருடமாகத் தினமும் மாலை தவறாமல் பென்டிரைவில் நகலெடுத்தார்கள். திறந்து பார்த்தால் உள்ளே இருந்தது டெஸ்க்டாப் ஷார்ட்கட், கோப்புக்கு வழிகாட்டும் குறி மட்டும், கோப்பு அல்ல. அளவு 2 கேபி. மாதம் ஒருமுறை அந்த நகலை வேறொரு கணினியில் போட்டு, பழைய பில் ஒன்றைத் திறந்து பார்த்திருந்தால் போதும்.

கத்தரிக்கோலை எடுத்த இடத்தில் வைக்கச் சொல்லிப் பிள்ளைகளைத் திட்டுகிறவர்களின் கணினியில்தான் 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ', 'ஃபைனல் நியூ 2' எல்லாம் இருக்கின்றன. கோப்பின் பெயரில் வருடம், மாதம், தேதியை முன்னால் போடுங்கள், 2025-03-14 என்று. தானாக வரிசையில் நிற்கும். எது கடைசி என்று நாலு பேரைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

டிக் டிக் என்று கேட்டால் மட்டும் உடனே அணைத்துவிடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன், "இன்னொரு தடவை பார்க்கலாமே" என்று தொடாதீர்கள். ஒவ்வொரு முறை சுழலும்போதும் தட்டில் கீறல் விழ வாய்ப்பிருக்கிறது. இவர் காலையிலிருந்து 11 முறை ஆன் செய்து பார்த்திருக்கிறார்.