வாட்ச் ரிப்பேர் பழகுகிறவர்கள் முதலில் எதை வாங்குவது?

பொழுதுபோக்காக வாட்ச் ரிப்பேர் பழக ஆசைப்படுகிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். திருப்பூரில் என் கடைக்கே பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவர், காங்கயத்துப் பள்ளி ஆசிரியர், அவிநாசி பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் தம்பி என்று பலர் வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து விசாரிக்கிறார்கள். இந்தக் கைவேலையைத் தேடி ஆள் வருவது எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் பாதிப்பேர், ஆன்லைனில் ஒரு செட்டு வாங்கி, பீரோவில் இருந்த தாத்தாவின் வாட்சைத் திறந்து பார்த்துவிட்டு அப்புறம்தான் வருகிறார்கள்.

அப்படி வரும் வாட்சின் பேக் கவரைக் கழற்றியதுமே நடந்தது தெரிந்துவிடும். ஸ்க்ரூ தலையில் இருக்கும் வெட்டு சிதைந்திருக்கும். வாட்சுக்குள் ஓடும் மெஷின் மேல் டிரைவர் வழுக்கிய கோடு இருக்கும். முள்ளை நெம்பிய இடத்தில் டயல் நசுங்கியிருக்கும். முடி மாதிரி மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங் ஒரு பக்கமாக இழுபட்டுக் கிடக்கும். முதலில் அந்த வாட்சுக்கு இருந்த கோளாறு பெரும்பாலும் எண்ணெய் காய்ந்ததுதான். ஒரு சர்வீஸ் செய்திருந்தால் ஓடியிருக்கும்.

நம் பக்கம் வீட்டுக்கு வீடு இருப்பது சாவி கொடுக்கும் எச்.எம்.டி. வாட்ச். ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி கைகொடுக்க, 1961-இல் பெங்களூரில் அந்த வாட்ச் வர ஆரம்பித்தது. 2016-இல் வாட்ச் தொழிற்சாலைகளை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. ஜனதா, பைலட் மாதிரியான எச்.எம்.டி. மாடல்களுக்கு ஒரிஜினல் பார்ட்ஸ் கிடைப்பது வருஷத்துக்கு வருஷம் குறைகிறது. ஒரு வாட்சை ஓடவைக்க இன்னொன்றைப் பிரிக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் கருவி விஷயத்தில் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன்.

"ஏனுங்கண்ணா, நூறு சாமான் ஒரே பெட்டியில வருதே, அது பத்தாதுங்களா?" என்று கேட்பார்கள். ஸ்ட்ராப் மாற்ற, செயின் கண்ணி கழற்ற, பேட்டரி போட அந்தப் பெட்டி போதும். மெஷினைப் பிரிக்க அது ஆகாது. அதிலிருக்கும் டிரைவர் முனை மெத்து இரும்பு; ரெண்டு ஸ்க்ரூவிலேயே முறுக்கிக்கொள்ளும். அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து ஸ்க்ரூ டிரைவர், ட்வீசர், லென்ஸ் மூன்றை மட்டும் நல்லதாக வாங்குங்கள்.

டிரைவரில் 0.8, 1.0, 1.2, 1.6 மில்லிமீட்டர் நான்கு இருந்தால் ஆரம்பத்துக்குத் தாராளம். சுவிஸ் கருவிக் கம்பெனியான பெர்ஜானுடையதுதான் வேண்டும் என்பதில்லை. முனை கெட்டி எஃகாக, மாற்றக்கூடியதாக, தலை தனியாகச் சுழல்வதாக இருந்தால் சரி. முனையின் அகலம் ஸ்க்ரூ வெட்டின் நீளத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். குறுகலாக இருந்தால் எல்லா அழுத்தமும் வெட்டின் நடுவில் விழுந்து அதைக் கிழிக்கும். அகலமாக இருந்தால் வெளியே நீட்டிச் சுற்றிலும் கீறும். புது டிரைவரை அப்படியே பயன்படுத்தவும் வேண்டாம். எண்ணெய்க் கல்லில் ரெண்டு பக்கமும் சமமாகத் தேய்த்து, வெட்டுக்குள் ஆடாமல் உட்காரும்படி செய்துகொள்ளுங்கள். நுனியைக் கத்தி மாதிரி கூராக்காமல் கொஞ்சம் தட்டையாக விட வேண்டும். லேத் பட்டறைத் தம்பிக்கு இதை ஒரு தடவைதான் சொன்னேன், பிடித்துக்கொண்டார். கோயம்புத்தூர், திருப்பூர் பக்கம் டூல் தீட்டத் தெரிந்த கைகள் எவ்வளவோ இருக்கின்றன. அவர்களிடம் போய்க் கற்றுக்கொள்ளலாம்.

ட்வீசரை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து மெதுவாக அழுத்துங்கள். முதலில் தொடுவது நுனியாக இருக்க வேண்டும். இன்னும் அழுத்தும்போது நுனி பிரிந்தாலோ ஒன்றின் மேல் ஒன்று ஏறினாலோ வேண்டாம். கண்ணாடி மேல் கிடக்கும் தலைமுடியை எடுக்க வருகிறதா என்றும் பாருங்கள். காந்தம் பிடிக்காத எஃகாகக் கேட்டு வாங்குங்கள். ட்வீசரில் காந்தம் ஏறினால் ஸ்க்ரூ ஒட்டிக்கொண்டு வரும். ஹேர் ஸ்பிரிங்கில் ஏறினால் சுருள்கள் ஒட்டி வாட்ச் வேகமாக ஓடும். ஆரம்பத்தில் 5-ஆம் நம்பர் ஊசி முனை வேண்டாம், சீக்கிரம் வளைந்துவிடும். 3-ஆம் நம்பரோ அதைவிடத் தடித்ததோ போதும்.

லென்ஸில் பலரும் 10 மடங்கை வாங்கிவிடுகிறார்கள். அதில் பார்க்க, வாட்ச் லென்ஸிலிருந்து சுமார் இரண்டரை சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். நடுவில் டிரைவரைப் பிடிக்கவே இடமிருக்காது. வேலைக்கு 3 அல்லது 5 மடங்கு, சோதித்துப் பார்க்க மட்டும் 10.

மெஷின் ஹோல்டர், ரப்பர் ஊதி, முள் எடுக்கும் நெம்புகோல், டயலை மூட ஒரு பிளாஸ்டிக் தாள், இவை சாதாரணமானதே போதும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரத்தில் துரு பிடிக்கும். ஸ்க்ரூ பேக் கவருக்கு முதலில் ரப்பர் பந்தை வைத்துத் திருகிப் பாருங்கள். வாட்ச் வேகமாக ஓடுகிறதா மெதுவாக ஓடுகிறதா என்று அளக்கும் டைம்கிராபர் மெஷினெல்லாம் பின்னால் வாங்கிக்கொள்ளலாம்.

எண்ணெய் விஷயத்தில்தான் எங்கள் ஊரில் நிறைய வாட்ச் கெடுகிறது. வீட்டுக்கு வீடு தையல் மெஷின் எண்ணெய் இருக்கிறது, அதில் ஒரு சொட்டு விட்டுவிடுகிறார்கள். அந்த எண்ணெய், அச்சு முனையைத் தாங்கும் சின்னக் கல்லில் நிற்காமல் பரவி ஹேர் ஸ்பிரிங்குக்குப் போய்விடும். வேகமாகச் சுழலும் சின்ன அச்சுகளுக்கு மோபியஸ் 9010 மாதிரி வாட்ச் எண்ணெய் வேண்டும். அதையும் ஆயிலர் என்ற எண்ணெய் வைக்கும் ஊசியின் நுனியில் தொட்டு, கல்லின் குழி நிரம்பி வழியாத அளவுக்குத்தான் வைக்க வேண்டும். எண்ணெயே வைக்காமல் பிரித்துப் பூட்டிப் பழகும் காலம்தான் முதல் காலம். அவசரப்பட வேண்டாம்.

கழுவும்போது பேலட்டையும் (பல்சக்கரத்தை டிக் டிக்கென்று பிடித்து விடும் நெம்பு) பேலன்ஸையும் (முன்னும் பின்னும் ஆடும் சக்கரம்) ஆல்கஹாலில் ஊறப்போடாதீர்கள். அவற்றின் கற்களை ஒட்டியிருக்கும் அரக்கு அதில் கரைந்துவிடும். பெட்ரோலில் கழுவுகிறவர்கள் ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் சாமி விளக்கு, அடுப்பு எதுவும் எரியக் கூடாது.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இந்தப் பக்கம் தூசியை அள்ளிக்கொண்டு வரும். போதாததற்கு பனியன் பஞ்சு வேறு. மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருங்கள். பாதியில் எழுந்தால் மெஷின் மேல் ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்துவிட்டுப் போங்கள்.

பழகுவதற்கு 6497 என்ற சுவிஸ் பாக்கெட் வாட்ச் மெஷினின் சீன நகல் நல்லது. 36.6 மில்லிமீட்டர் அகலம், பார்ட்ஸ் எல்லாம் பெரிசு, எது எங்கே போகிறது என்று தெளிவாகத் தெரியும். பெரிசுதானே என்று பழைய அலாரம் டைம்பீஸில் ஆரம்பிக்காதீர்கள். சாவி கொடுக்கும்போது இறுகும் அதன் மெயின் ஸ்பிரிங் தெறித்தால் விரலைக் கிழித்துவிடும். எந்த மெஷினாக இருந்தாலும் ஸ்பிரிங் திரும்பச் சுழலாமல் தடுக்கும் கிளிக்கைத் தள்ளிப் பிடித்து, சாவியை விரலுக்குள் மெதுவாகத் திரும்பவிட்டு, ஸ்பிரிங்கின் இழுவையை முழுக்க இறக்கிய பிறகுதான் பிரிக்க வேண்டும்.

1970-க்கு முந்தைய வாட்சில் எண்கள் மேல் பழுப்பேறிய ஒளிப் பூச்சு இருந்தால் அதைச் சுரண்டாதீர்கள். ரேடியமாக இருக்கலாம். இருட்டில் மின்னுவது நின்றாலும் அதன் கதிர்வீச்சு நிற்காது; தூள் மூச்சில் போனால் ஆபத்து. அந்த மாதிரி வாட்சை மூடிக் கடைக்குக் கொண்டுவாருங்கள். மேசையில் கழற்றிப் போட்ட பட்டன் பேட்டரிகளை அன்றன்றே எண்ணி மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். குழந்தை விழுங்கினால், முக்கியமாக 20 மில்லிமீட்டர் லித்தியம் பேட்டரி, இரண்டு மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே போதும், உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.