அலையாத்திக் காடு: மிஷ்டி திட்டமும் கடலோர விதியும்

2004 சுனாமியில் பிச்சாவரம் பக்கம் அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் தப்பின. கடலைப் பார்த்தபடி இருந்த ஊர்கள் அழிந்தன. தூரமும் மேடும்கூடக் காரணம் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அது சரிதான். காடு அலையின் வேகத்தைக் குறைக்குமே தவிர, அலையையே நிறுத்திவிடாது. எச்சரிக்கை வந்தால் மேட்டுக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

அந்தக் காட்டைப் பெருக்க ஒன்றிய அரசு கொண்டுவந்ததுதான் மிஷ்டி திட்டம். 2023-24 பட்ஜெட்டில் அறிவித்து, 2023 ஜூன் 5 அன்று தொடங்கினார்கள். 9 மாநிலங்கள், 4 யூனியன் பிரதேசங்களில் 5 ஆண்டுகளுக்குள் சுமார் 540 சதுர கிலோமீட்டர் என்பது இலக்கு. காட்டு நிலத்தை வேறு வேலைக்கு எடுப்பவர்கள் கட்டும் ஈட்டுத் தொகையான காம்பா நிதி, நூறு நாள் வேலைத் திட்டம் ஆகியவற்றையும் சேர்த்துச் செய்வதாக அறிவிப்பு.

எங்கே நடுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். அலையாத்தி மரங்களான சுரபுன்னையும் கண்டலும் முகத்துவாரச் சேற்றில் வளர்பவை, திறந்த மணற்கரையில் நிற்காது. பிச்சாவரத்தில் காடு பட்டுப்போன இடங்களில் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் எடுத்தவுடன் கன்று நடவில்லை. மீன்முள் மாதிரி வாய்க்கால் வெட்டி, ஓதநீர் (கடல் ஏறி இறங்கும்போது வரும் நீர்) வந்துபோக வழி செய்த பிறகே நட்டார்கள். மணற்கரையில் முதல் அரண் மணல்மேடுதான். அதைச் சமப்படுத்திச் சவுக்கு நடுவது, இருக்கும் சுவரை இடித்துவிட்டு வேலி கட்டுவது போல.

இருக்கும் காட்டுக்கும் மணல்மேட்டுக்கும் 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் உச்சப் பாதுகாப்பு உண்டு. இரண்டுமே 1-ஏ பிரிவில் வருகின்றன. அலையாத்தி 1,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் அதைச் சுற்றி 50 மீட்டர் இடமும் இதே பிரிவுதான். பாதுகாப்புத் துறை, பொதுப் பயன்பாடு போன்ற விதிவிலக்கான காரணங்களுக்குச் சாலை போட்டு மரங்கள் அழிந்தால், அதைப்போல் குறைந்தது 3 மடங்கு பரப்பில் வேறிடத்தில் நட வேண்டும். வேறிடத்தில் நட்ட கன்று உங்கள் ஊரைக் காக்காது. அதனால் ஆட்சேபம் இருந்தால் வெட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

அதற்கு இடம் இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான கடலோர மண்டலக் குழுவில் மீனவர் உள்ளிட்ட பாரம்பரியக் கடலோர மக்களின் பிரதிநிதிகள் குறைந்தது 3 பேர் இருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் மாவட்டத்தில் அந்த மூவர் யார் என்று கேளுங்கள். அப்புறம், கடலோர மண்டல வரைபடத்தில் ஊர்க் காடு சரியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விடுபட்டிருந்தால் எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.