பூச்சோங்னா என்ன? நம்ம மடையான்தான்!

மலேசியாவுல கோலாலம்பூர் (கே.எல்.) பக்கத்துல இருக்கிற ஊரு பூச்சோங். போன வாரம் அக்கா பையன் கேட்டான், "மாமா, பூச்சோங் பூச்சோங்னு சொல்றோமே, அது சீனப் பேரா?" சீனம் இல்லடா, மலாய். பூச்சோங்னா ஒரு பறவை, அது நெறைய திரிஞ்ச எடம்ங்கிறதால ஊருக்கே அந்தப் பேரு வந்துச்சுன்னு சொல்வாங்க. இப்ப மாலும் டோலும் ஜாமுமா கெடக்குற ஊரு, முன்ன ரப்பர் தோட்டமும் ஈயக் குட்டையும்தான், அதனால நம்பலாம் போலத்தான் இருக்கு.

சரி, தமிழ்ல அத என்னன்னு சொல்றது? கொக்குன்னு சொல்லிட்டுப் போயிடலாம், ஆனா கொக்குன்னதும் நமக்கு மனசுல வர்றது வெள்ளை. மலாய்ல வெள்ளைக் கொக்குக்கு பாங்காவ்னு தனிப் பேரு இருக்கு, பூச்சோங்ங்கிறது மத்த கலருக்கு. சாம்பல் நாரை பூச்சோங் செரியாப், செந்நாரை பூச்சோங் செரண்டாவ், லோங்காங் (சாக்கடை வாய்க்கா) ஓரமா கழுத்த உள்ள இழுத்துக்கிட்டு குந்தியிருக்கே அந்தச் சின்னது பூச்சோங் சீனா. நாம பெரிசுன்னா நாரைங்கிறோம் சின்னதுன்னா கொக்குங்கிறோம், அதாவது நாம சைஸ பாக்குறோம் அவங்க கலர பாக்குறாங்க, அப்புறம் எப்படி ஒத்த சொல்லுக்கு ஒத்த சொல்லு கெடைக்கும்?

அந்தச் சின்னதுக்கு மட்டும் அசலான தமிழ்ப் பேரே இருக்கு: மடையான். வயலுக்குத் தண்ணி விடுற மடை இருக்குல்ல, அங்க நின்னு மீன் புடிக்கிறவன். (போன்ல டைப் பண்ணா அது மடையன்னு மாத்தி விடுது, பாவம்.) குருட்டுக் கொக்குன்னும் சொல்வாங்க, ஏன்னா நாம கிட்டப் போற வரைக்கும் அசையாது, கண்ணு தெரியலன்னு நெனச்சிட்டாங்க. சிங்களத்துலயும் இதே நெனப்புலதான் பேரு வச்சிருக்காங்க. கண்ணெல்லாம் நல்லாத்தான் தெரியும், உறுமீனுக்குக் காத்திருக்கான் அவ்வளவுதான்.

இந்தியாவுல இருக்கிற மடையான் வேற இனம், இங்க வர்றது சீன மடையான். சிலர் சீனக் குளக்கொக்குன்னு எழுதுறாங்க, அது இங்கிலீஷ் பேர அப்படியே திருப்பிப் போட்டது, எனக்குப் புடிக்கல. விஞ்ஞானப் பேரு ஆர்டியோலா பாக்கஸ், 1855-ல நெப்போலியனோட தம்பி மகன் சார்ல்ஸ் லூசியன் பொனபார்ட் வச்சது. ஆர்டியோலான்னா லத்தீன்ல குட்டி நாரை, பாக்கஸ் மது தெய்வம். இனப்பெருக்கக் காலத்துல தலையும் கழுத்தும் ஒயின் மாதிரி கருஞ்சிவப்பா, முதுகு கருப்பா ஆயிடும், அதப் பாத்தா பேரு பொருத்தம்தான்.

ஆனா கே.எல். பக்கம் நாம பாக்குறப்ப பெரும்பாலும் அந்த மேக்கப் எதுவும் இருக்காது. ஒன்றரை அடி நீளம், பழுப்புக் கோடு போட்ட கழுத்து, மஞ்சக் காலு, சேத்துக்குள்ள நின்னா சேறு மாதிரியே இருப்பான். பையன் கிட்டப் போனான், சடார்னு பறந்துச்சு பாருங்க, பளீர்னு வெள்ளை! றெக்கை வெள்ளை, மடிச்சு வச்சா வெளிய தெரியாது. "மாமா, வேற பறவை!"ன்னு கத்துறான், அதேதான்டா. ஆனா ஒண்ணு, இந்தக் கோலத்துல இந்திய மடையான், ஜாவா மடையான், சீன மடையான் மூணும் பக்கத்துல பக்கத்துல நின்னா பழகினவங்களுக்கே பிரிச்சுச் சொல்றது கஷ்டம்.

குஞ்சு பொரிக்கிறது சீனாவுலயும் அதச் சுத்தியும், குளிர் வந்தா தெக்க எறங்கி தென்கிழக்காசியா பூரா பரவிடும். நமக்கு ஏறக்குறைய செப்டம்பர்ல வந்து சேரும். வயல், குட்டை, அலையாத்திக் காடு, லோங்காங், தண்ணி தேங்குன திடல்னு மீன், தவளை, பூச்சி கெடைச்சா எடம் பாக்காது. டெங்கில் பக்கம் பாயா இண்டா ஈரநிலப் பூங்காவுக்குப் போனா சாவகாசமாப் பாக்கலாம், அதுவும் பழைய ஈயக் குட்டை நெலம்தான்.

ஏப்ரல் வாக்குல பொறுமையாத் தேடுனா ஒண்ணு ரெண்டு கழுத்து செவந்து போய் நிக்கும், கெளம்பத் தயாராயிட்டான்னு அர்த்தம். அந்த நேரத்துலதான் எது சீனம் எது ஜாவான்னு தைரியமாச் சொல்லலாம், பையனுக்கு காலண்டர்ல குறிச்சுக் குடுத்திருக்கேன்.