தூரிகை தண்டுவடத்தை எட்டும் வழி

முடக்குவாதத்தோடு பல ஆண்டுகளாக வாழும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "ஓவியம் வரைய உட்கார்ந்தால் விரல் வலி பாதியாகிவிடுகிறது, எழுந்த சற்று நேரத்தில் திரும்பிவிடுகிறது. வரையும்போது இல்லாத வலி மற்ற நேரத்தில் மட்டும் எப்படி வரும் என்று வீட்டில் கேட்கிறார்கள். என் வலி பொய்யா?"

பொய் இல்லை. மார்பின் என்னும் வலிநீக்கி மருந்தை ஊசியில் போட்டால் அடங்கும் வலியை யாரும் பொய் என்பதில்லை. இவருக்குள் நடப்பதும் ஏறத்தாழ அதுவேதான்.

மூட்டிலிருந்து புறப்படும் வலிச் செய்தி நேராக மூளைக்குப் போவதில்லை; தண்டுவடத்தின் பின்புறத்தில் அடுத்த நரம்பணுவிடம் கைமாறிய பிறகே மேலேறுகிறது. அந்த இடத்தில் ஒரு வாயில் உண்டு, அது திறக்கவும் மூடவும் கூடியது என்று 1965ஆம் ஆண்டு வலி ஆய்வாளர்களான ரொனால்ட் மெல்சாக்கும் பாட்ரிக் வாலும் முன்வைத்த கோட்பாட்டின் விவரங்கள் பின்னர் திருத்தப்பட்டன என்றாலும் அதன் மையக் கருத்து நிலைத்துவிட்டது.

என்னை இன்றளவும் வியக்கவைப்பது, அந்த வாயிலை மூளையே மேலிருந்து மூடுகிறது என்பதுதான். நடுமூளையில் சாம்பல் நிறத் திசு ஒன்று இருக்கிறது. 1969இல் எலிகளின் மூளையில் அவ்விடத்தை மின்சாரத்தால் தூண்டிய டேவிட் ரெனால்ட்ஸ், மயக்க மருந்தே இல்லாமல் அவற்றுக்கு வயிற்று அறுவை செய்ய முடிந்ததைக் கண்டார். அங்கிருந்து கிளம்பும் கட்டளை மூளையின் அடிப்பகுதியான முகுளம் வழியாகத் தண்டுவடத்துக்கு இறங்குகிறது. அங்கே, மார்பினைப் போலவே செயல்படும் என்கெஃபலின் போன்ற பொருள்கள் சுரக்கின்றன. அவை செய்தி கொண்டுவரும் நரம்பு முனைக்குள் கால்சியம் நுழைவதைக் குறைப்பதால் செய்தியைக் கடத்த அம்முனை உமிழும் வேதிப்பொருளின் அளவு சுருங்குகிறது. செய்தியைப் பெறும் நரம்பணுவிலிருந்து பொட்டாசியத்தை வெளியேறச் செய்வதால் அதுவும் எளிதில் கிளர்ச்சியடைவதில்லை. சொல்பவரின் குரலும் தாழ்கிறது, கேட்பவரின் செவியும் மந்தமாகிறது.

இந்தக் கட்டளையைக் கிளப்பக் கவனம் ஒன்றே போதுமா? 2012இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் ஆய்வாளர்கள் தன்னார்வலர்களின் கையில் வலிக்குமளவு சூடு வைத்து, அதே வேளையில் கடினமான நினைவுப் பயிற்சி ஒன்றையும் தந்தார்கள். மனம் பயிற்சியில் ஆழ்ந்திருந்தபோது வலி குறைந்தது மட்டுமன்றி, தண்டுவடத்திலேயே வலிக்கான எதிர்வினை தணிந்ததை ஸ்கேன் காட்டியது. மார்பினை முறிக்கும் நாலோக்சோன் மருந்தைக் கொடுத்ததும் அந்த நிவாரணத்தில் சுமார் 40 விழுக்காடு மறைந்துபோனது. கோட்டின் வளைவையும் வண்ணத்தின் அடர்த்தியையும் இடைவிடாமல் தீர்மானித்துக்கொண்டே இருக்கும் ஓவியரின் கவனம் அந்தப் பயிற்சிக்குச் சற்றும் குறைந்ததன்று. ஆகவே இதே வழிதான் அங்கும் திறக்கிறது என்று கருதுகிறேன். என்கெஃபலினை நொதிகள் விரைவிலேயே சிதைத்துவிடுவதால், தூரிகையை வைத்த பிறகு வலி மீள்வதிலும் வியப்பில்லை.

மனத்தில் உள்ளதை வெளிப்படுத்துவதன் பலன் வேறு வகையானது. அது நீடிக்கவும் கூடும். 1999இல் ஜோஷ்வா ஸ்மித் வெளியிட்ட ஆய்வில், தம் வாழ்வின் மிகத் துயரமான அனுபவத்தை மூன்று நாள்கள், நாளுக்கு 20 நிமிடம் எழுதிய முடக்குவாத நோயாளிகளுக்கு, நான்கு மாதங்களுக்குப் பின் மருத்துவர் மதிப்பிட்ட நோய்த் தீவிரம் சராசரியாக 28 விழுக்காடு குறைந்திருந்தது. பின்வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் பலன் இதைவிடச் சிறிதுதான். ஆனால் இல்லாமல் போகவில்லை. தூரிகைக்கும் தாளுக்கும் காப்புரிமை பெற முடியாது என்பதால் இத்தகைய ஆய்வுக்கு எந்த மருந்து நிறுவனமும் பணம் தராது; அரசுகள்தாம் தர வேண்டும். தராத இடத்தில், இன்ன நிறம் இன்ன நோயைத் தீர்க்கும் என்று விற்பவர்கள் புகுந்துவிடுகிறார்கள் என்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

வாசகிக்கு ஒரு வேண்டுகோள். வாயில் மூடியிருக்கும்போது மூட்டின் வீக்கம் அப்படியேதான் இருக்கிறது. அதன் எச்சரிக்கைதான் காதில் விழுவதில்லை. எனவே மருந்தை நிறுத்தாதீர்கள். கைப்பிடி தடித்த தூரிகையைப் பயன்படுத்துங்கள். வலிக்கும்வரை காத்திராமல், கடிகாரத்தைப் பார்த்து இடையிடையே விரல்களுக்கு ஓய்வு கொடுங்கள்.