எந்தக் கரைன்னு காத்துதான் சொல்லும்: மிலோஸ் தீவுல ஒரு கயாக் பயணம்

காலைல 8 மணிக்கு அடமாஸ் துறைமுகத்துல வேனுக்காக நின்னுட்டு இருந்தோம், மொத்தம் எட்டுப் பேரு, அன்னிக்கு எந்தக் கடற்கரைக்குப் போறோம்னு ஒருத்தருக்கும் தெரியாது. முந்தின நாள் சாயங்காலம் போன் பண்ணிக் கேட்டப்பவும் கைடு சொல்லல, காலைல பாத்துக்கலாம்னுட்டாங்க. கிரீஸ் நாட்டோட ஏஜியன் கடல்ல இருக்குற மிலோஸ் தீவுல கடல் கயாக், அதாவது துடுப்பு போட்டு ஓட்டுற ஒல்லியான சின்னப் படகுல, போறதுன்னா இப்படித்தான், இடத்தை நாம முடிவு பண்ண முடியாது. வேன் மேட்டுல ஏறினதும் ரெண்டு பக்கக் கடலும் தெரியுற இடத்துல கைடு வண்டியை நிறுத்தி, இறங்கி, அஞ்சு நிமிஷம் சும்மா கடலையே பாத்துட்டு இருந்தாங்க. வடக்குப் பக்கம் முழுக்க வெள்ளை வெள்ளையா நுரை. தெக்குப் பக்கம் தட்டுல ஊத்தி வச்ச தண்ணி மாதிரி கிடந்துச்சு. "இப்ப 5, மத்தியானம் 6 ஆயிடும், தெக்குக் கரைக்குப் போலாம்"னு சொல்லிட்டு வண்டியை எடுத்தாங்க.

அந்த 5, 6ங்கிறது காத்தோட வேகத்தைச் சொல்ற பியூஃபோர்ட் அளவு. 5ன்னா மணிக்கு 29ல இருந்து 38 கிலோமீட்டர், 6ன்னா 39ல இருந்து 49. கேக்க சின்ன வித்தியாசம்தான், ஆனா காத்தோட தள்ளுவிசை வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி ஏறும், வேகம் ரெண்டு மடங்கானா விசை நாலு மடங்கு. கையால துடுப்பு போடுற ஆளுக்கு அந்தக் கணக்கு தோள்பட்டையில தெரியும்.

இந்தக் காத்துக்கு மெல்டெமின்னு பேரு. பழைய கிரேக்கர்கள் எட்டீசியன்னு சொன்னாங்க, வருஷா வருஷம் வர்ற காத்துன்னு அர்த்தம். நம்ம தமிழ்ல வாடை, தென்றல், கொண்டல், கோடைன்னு நாலு திசைக் காத்துக்கும் தனித்தனிப் பேரு இருக்குல்ல, அந்தக் கணக்குல இது வாடை, வடக்குல இருந்து வர்றது. ஆனா நம்ம வாடை குளிர்காலத்துக்காரன், இது ஜூலை ஆகஸ்ட்ல உச்சி வெயில்ல மேகமே இல்லாத வானத்துல அடிக்கும். மழை மேகம் ஒண்ணுமே காணோம், வானம் பளிச்சுன்னு நீலமா இருக்கு, அப்படியும் காத்து மட்டும் நாள் கணக்கா விடாம அடிக்குதுன்னா அது எங்கிருந்து வருது?

பால்கன் பக்கம் காத்தழுத்தம் அதிகம், துருக்கிக்கு மேல வெயில்ல நிலம் காஞ்சு அழுத்தம் குறைவு, இந்த ரெண்டுக்கும் நடுவுல ஏஜியன் கடல் ஒரு சந்து மாதிரி மாட்டிக்கிது, அதுல காத்து பாயுது. பாதிக் கதைதான் இது. துருக்கி மேல இருக்குற அந்தக் குறைவழுத்தம் தனியா நிக்கிறது இல்ல, ஈரான், பாகிஸ்தான் வழியா நம்ம வட இந்தியா வரைக்கும் நீளுற பெரிய குறைவழுத்தப் பட்டையோட மேற்கு நுனி அது, அதாவது நம்ம தென்மேற்குப் பருவமழையை இழுத்துட்டு வர்ற அதே பள்ளம். 1996ல மார்க் ராட்வெல், பிரையன் ஹாஸ்கின்ஸ்னு ரெண்டு வானிலை விஞ்ஞானிகள் கணினி மாதிரியில போட்டுக் காமிச்சாங்க, இந்தியாவுல பருவமழைக்காக காத்து அவ்ளோ பெருசா மேல எழும்பும்போது, அதோட பாதிப்பு வளிமண்டலத்துல அலையா மேற்கே போயி, கிழக்கு மத்தியதரைக் கடலுக்கு மேல காத்தைக் கீழ இறங்க வைக்குது. இறங்குற காத்து சூடாகி காஞ்சுபோகும், மேகம் கட்டாது. கேரளாவுல கொட்டுற மழையும் மிலோஸ்ல மேகமே இல்லாத வானமும் ஒரே இயந்திரத்தோட ரெண்டு முனைன்னு தெரிஞ்சப்ப எனக்கு உண்மையிலேயே உடம்பு சிலிர்த்துச்சு.

சரி, அவ்ளோ காத்து அடிச்சும் தெக்குக் கரை ஏன் அமைதியா இருக்கு? காத்து ஒரு இடத்துல அடிச்ச உடனே பெரிய அலை வந்துடாது, காத்துக்கு நீளமான திறந்த கடல் வேணும், எவ்ளோ தூரம் தடையில்லாம தண்ணியைத் தேய்ச்சுட்டு வருதோ அவ்ளோ பெருசா அலை வளரும். வடக்குக் கரைக்கு வர்ற அலை ஏஜியன் கடல்ல ரொம்ப தூரம் வளர்ந்துட்டு வருது. தெக்குக் கரையிலயோ காத்து தீவைத் தாண்டிக் குதிச்சு அப்பதான் தண்ணியத் தொடுது, அலை வளர இடமே இல்ல. தீவே ஒரு சுவரு, நாம சுவத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிறோம்.

ஆனா ஒண்ணு, இந்த அமைதி ஆபத்தான அமைதி. கரையில இருந்து பாத்தா கடல் கண்ணாடி மாதிரி இருக்கும், காத்தோ கரையில இருந்து கடலைப் பாத்து அடிக்குது. பாறைக்குப் பக்கத்துல ஒண்ணும் தெரியாது, கொஞ்சம் வெளிய போனா முதுகுல தள்ள ஆரம்பிக்கும், இன்னும் வெளிய போனா அலையும் வளர ஆரம்பிக்கும், திரும்பி வரணும்னா எதிர்காத்து. தெக்கே 100 கிலோமீட்டருக்கு மேல திறந்த கடல், அதுக்கப்புறம்தான் கிரீட் தீவு. "பாறைக்கு 30 மீட்டர், அதைத் தாண்டிப் போகாதீங்க, அங்க அழகா இருக்குன்னு தோணும், போகாதீங்க"ன்னு கைடு திரும்பத் திரும்ப சொன்னாங்க. தனியா கயாக் வாடகைக்கு எடுத்துட்டுப் போறவங்க மாட்டிக்கிறது இந்த அமைதியான பக்கத்துலதான்.

ஏத்தவத்தத்தைப் பத்தி மட்டும் யாரும் பேசவே இல்ல. அட்லாண்டிக் கரையில கயாக் போறவங்க அந்த நேரக் கணக்கு அட்டவணை இல்லாம கிளம்பவே மாட்டாங்க, இங்க கடல் ஏறி இறங்குறது பெரும்பாலும் ஒரு சாண் கூட இருக்காது. ஜிப்ரால்டர்ல கடல் வாய் 14 கிலோமீட்டர்தான் அகலம், அட்லாண்டிக்கோட ஏத்தம் அந்த சந்து வழியா உள்ள வர்றதுக்குள்ள அடங்கிடுது, நிலாவோட இழுப்புக்கு தானா பெருசா எழும்புற அளவுக்கு இந்தக் கடல் நீளமும் இல்ல.

ஃபிரிப்லாகா கடற்கரைல இறங்கினோம். எனக்கு ஒத்தை ஆள் கயாக், நீளம் 5 மீட்டர் கிட்ட, அகலம் 60 சென்டிமீட்டர் கூட இல்ல, உக்காந்தா இடுப்புல பேண்ட் போட்ட மாதிரி இருக்கு. ஏன் இவ்ளோ ஒல்லியா நீளமா? படகு ஓடும்போது முன்னாடி ஒரு அலையை எழுப்பும், வேகம் கூடக் கூட அந்த அலை நீண்டுட்டே போகும், அலையோட நீளமும் படகோட நீளமும் ஒண்ணான பிறகு படகு தான் எழுப்புன அலை மேட்டுலயே ஏற வேண்டி வரும், எவ்ளோ முக்கினாலும் வேகம் கூடாது. தண்ணியில படுற நீளம் நாலரை மீட்டர்னா அந்த எல்லை மணிக்கு ஒம்போதரை கிலோமீட்டர் வாக்குல வரும். நாங்க போனது 5 கிலோமீட்டர் வேகம்தான், எல்லைக்கு ரொம்பக் கீழ, அதனாலதான் புதுசா வந்த எங்களாலயும் மூணு மணி நேரம் போட முடிஞ்சுச்சு. கையால இழுக்காம இடுப்பைத் திருப்பிப் போடணும்னு சொல்லிக் குடுத்தாங்க, துடுப்பைத் தண்ணியில ஊன்றி அது கிட்ட உடம்பை இழுத்துக்கிற மாதிரி நினைச்சுக்கணும், இதைக் கேக்காம கையாலயே இழுத்தவங்களுக்கு அரை மணி நேரத்துல முழங்கை வலிச்சுடுச்சு.

கிளம்புறதுக்கு முன்னாடி இடுப்பளவு தண்ணியில எல்லாரும் ஒரு தடவை கவிழணும். இடுப்பைச் சுத்தி தண்ணி உள்ள வராம மூடுற பாவாடை ஒண்ணு இருக்கும், ஸ்ப்ரே ஸ்கர்ட்டுனு பேரு, தலைகீழா தொங்கும்போது அதோட முன்பக்க வாரைப் பிடிச்சு இழுத்தா கழண்டுடும், தொடையைத் தளர்த்தினா உடம்பு தானா வெளிய வந்துடும். படிக்க சுலபம், மூக்குல உப்புத்தண்ணி ஏறும்போது வாரைக் கை தேடுற அந்த ரெண்டு செகண்டு ரொம்ப நீளம். கயாக் முழுகாது, முன்னாடியும் பின்னாடியும் தடுப்புச் சுவர் வச்சு காத்து அறைகள் இருக்கு. ஆழத்துல கவிழ்ந்தா கைடு உங்க கயாக்கோட மூக்கைத் தூக்கி தன்னோட கயாக் மேல குறுக்கா போட்டு, தண்ணி பூரா வடிய வச்சு, நிமித்திப் பிடிச்சுக்குவாங்க, நீங்க பின்பக்கமா ஏறிப் படுத்து உள்ள காலை விடணும். ரெண்டு கயாக்கையும் சேத்துப் பிடிச்சா அகலம் ரெண்டு மடங்கு ஆயிடுதுல்ல, அதான் நீங்க ஏறும்போது மறுபடி கவிழாது.

கொஞ்ச தூரம் போனதும் எனக்கு ஒரு தொல்லை. கயாக் மூக்கு காத்து வர்ற பக்கமே திரும்பிட்டு இருக்கு, ஒரு பக்கமே போட்டுப் போட்டு வலது தோள் செத்துடுச்சு. துடுப்பு போடுறதுல தப்புன்னு நினைச்சேன், அது இல்லையாம். கயாக் முன்னாடி போகும்போது, நம்ம மீனவங்க அணியம்னு சொல்ற முன்பக்கம் தண்ணியைக் கிழிச்சுட்டுப் போறதால அங்க அழுத்தம் அதிகம், ஆணி அடிச்ச மாதிரி நிக்கும். அமரம், அதாவது பின்பக்கம், கலைஞ்ச தண்ணியில மிதக்குது, பிடிமானம் இல்ல. பக்கவாட்டுக் காத்து அடிச்சா பின்பக்கம் மட்டும் கதவு மாதிரி ஒதுங்கும், அப்ப மூக்கு காத்தைப் பாத்துத் திரும்பத்தானே செய்யும். கைடு பக்கத்துல வந்து என் கயாக்ல ஒரு சின்னக் குமிழைத் தள்ளினாங்க, பின்னாடி அடியில இருந்து ஸ்கெக்னு ஒரு சின்னத் தகடு மீனோட துடுப்பு மாதிரி கீழ இறங்குச்சு, அவ்ளோதான், கோடு போட்ட மாதிரி நேரா போச்சு. பின்பக்கத்துக்கும் ஒரு பிடிமானம் கிடைச்சுடுச்சு, வேற மந்திரம் ஒண்ணும் இல்ல.

பக்கத்துல சிக்ராடோன்னு ஒரு குட்டிக் கடற்கரை, நடந்து வர்றவங்க பாறை இடுக்குல கயித்தையும் ஏணியையும் பிடிச்சு இறங்கணும், நாங்க நேரா மணல்ல ஏறினோம். அந்தப் பாறைகளைப் பாக்கணும், ஒரே மலையில வெள்ளை, மஞ்சள், சிவப்பு, சாம்பல். மிலோஸ் முழுக்க எரிமலை. ஆப்பிரிக்கக் கண்டம் இருக்குற பூமித் தட்டு ஏஜியனுக்கு அடியில செருகிட்டுப் போகுது, அங்க உருகின குழம்பு மேல வந்து கட்டுன வளைவுல சாண்டோரினியும் ஒண்ணு, மிலோஸும் ஒண்ணு. கீழ இருந்து வந்த வெந்நீரும் ஆவியும் பாறையை வருஷக் கணக்கா அவிச்சு வெள்ளைக் களிமண்ணா ஆக்கிடுச்சு, இரும்பு துருப்பிடிச்ச இடம் சிவப்பு, கந்தகம் இருக்குற இடம் மஞ்சள். இன்னும் சூடு ஆறல, இதே தெக்குக் கரையில பாலியோகோரில கடலுக்கு அடியில இருந்து கரியமில வாயு குமிழ் குமிழா வந்துட்டே இருக்கு, மணலைக் கொஞ்சம் தோண்டினா கால் சுடும்.

மெத்துன்னு இருக்குற சாம்பல் பாறையும் கெட்டியான எரிமலைக் குழம்புப் பாறையும் மாறி மாறி இருக்குறதாலதான் இந்தக் கரையில குகைகள் இவ்ளோ. அலை வந்து விரிசல்ல அடைக்கும்போது உள்ள இருக்குற காத்து அமுங்கும், அலை திரும்பும்போது சட்டுன்னு விரியும், ஆப்பு அடிச்சு எடுக்குற மாதிரி இதே வேலை நாளெல்லாம் நடந்தா பாறை பிளந்துடும். குகை வாசல்ல நின்னா அந்த சத்தம் கேக்கும், தூரத்துல யாரோ அம்மி நகத்துற மாதிரி "தும்"முனு ஒண்ணு, நெஞ்சுல அதிரும். கைடு உடனே உள்ள விடல. அலை எல்லாம் ஒரே அளவா வராது, சின்னது பலது வந்துட்டு பெருசா நாலஞ்சு கூட்டமா வரும், அந்தப் பெரிய கூட்டம் ஒரு தடவை வந்து போறதைப் பாத்து, கூரை வரைக்கும் எவ்ளோ இடம் மிச்சம் இருக்குன்னு கணக்குப் போட்டுட்டுத்தான் ஹெல்மெட்டோட ஒவ்வொருத்தரா விட்டாங்க, அதுவும் பின்பக்கமா. முகம் வாசலைப் பாத்து இருந்தா வர்ற அலை தெரியும், வெளிய வரவும் திரும்ப வேண்டியதில்ல.

உள்ள போனதும் தண்ணி கீழ இருந்து விளக்குப் போட்ட மாதிரி நீலமா ஒளிருது. துடுப்பை உள்ள விட்டேன், துடுப்பும் நீலம், விரல்ல இருந்து சொட்டுற துளி மட்டும் நிறமில்லாம இருக்கு. வாசலுக்குக் கீழ தண்ணி வழியா நுழையுற வெளிச்சம் வெள்ளை மணல்ல பட்டு மேல வருது, அவ்ளோ தூரம் தண்ணியைக் கடந்து வர்றதுக்குள்ள சிவப்பு நிறத்தைத் தண்ணி உறிஞ்சிடும், நீலம்தான் மிச்சம். ஆனா தண்ணி தெளிவா இருந்தாதானே இதெல்லாம் தெரியும். இந்தக் கடல் பட்டினிக் கடல். ஆறும் மழையும் கொண்டு வர்றதை விட வெயில்ல ஆவியாகிப் போறது அதிகம், அதான் உப்பு ஒரு கிலோ தண்ணிக்கு 39 கிராம் வரைக்கும் இருக்கு, பெருங்கடல்ல சராசரி 35. குறையுற தண்ணிக்குப் பதிலா அட்லாண்டிக்ல இருந்து மேல்தண்ணி உள்ள வருது, அதுல சத்து இல்ல, கனமான உப்புத்தண்ணி அடியில வெளிய போகும்போது இருக்குற சத்தையும் எடுத்துட்டுப் போயிடுது. சத்து இல்லாததால நுண்பாசி குறைவு, அதனாலதான் பத்து மீட்டர் ஆழத்துல இருக்குற கல்லு கூடத் தெரியுது. நடுவுல கருப்பா திட்டு திட்டா தெரியுறது பொசிடோனியா ஓஷியானிகாங்கிற கடற்புல், பாசி இல்ல, பூ பூக்குற தாவரம், இந்த இனம் மத்தியதரைக் கடலைத் தவிர வேற எங்கயும் கிடையாது. கரையில ஒதுங்குற அதோட காஞ்ச இலையை குப்பைன்னு நினைச்சு முகம் சுளிக்கிறாங்க, மணல் அரிச்சுப் போகாம தாங்குறது அந்தக் குவியல்தான், அதை அள்ளித் தூக்கிப் போடுறதைப் பாத்தா மனசு கஷ்டமா இருக்கு.

சாப்பிட உக்காந்தப்ப கைடு தன் பையில இருந்து ஒரு கருப்புக் கல்லு எடுத்துக் குடுத்தாங்க, கண்ணாடி மாதிரி, ஓரம் பிளேடு. எரிமலைக் குழம்பு படிகமாக நேரம் இல்லாம சட்டுன்னு இறுகினதால வந்த அப்சிடியன். மிலோஸ் அப்சிடியன் கிரீஸ் பெருநிலத்துல ஃபிராங்க்தி குகையில கிடைச்சிருக்கு, 12,000 வருஷத்துக்கும் பழைய அடுக்குல. அப்ப கடல் மட்டம் இன்னிக்கு விட ரொம்பக் கீழ, ஆனாலும் மிலோஸ் தீவாதான் இருந்துச்சு, அப்ப யாரோ கடல் தாண்டி வந்து எடுத்துட்டுப் போயிருக்காங்க, விவசாயம் கூட அந்தப் பக்கம் வர்றதுக்கு முன்னாடி. அவங்க படகு ஒண்ணு கூட மிஞ்சல. 1988ல சிலர் நாணல் கட்டுல படகு செஞ்சு, பாய்மரம் இல்லாம துடுப்பு மட்டும் போட்டு, பெருநிலத்துல இருக்குற லாவ்ரியோன்ல இருந்து தீவு தீவா தாவி மிலோஸ் வரைக்கும் வந்து முடியும்னு காமிச்சாங்க.

ஒரு மணி வாக்குல கைடு எழுந்து நின்னு வெளிக்கடலைப் பாத்தாங்க. தூரத்துல ஒரு கருநீலக் கோடு, காலைல இருந்ததை விடக் கரைக்குப் பக்கத்துல. காத்து ஏறுறப்ப தண்ணி மேல சின்னச் சின்ன சுருக்கம் விழும், அது வெளிச்சத்தை வேற பக்கம் தெறிக்க விடுறதால கருப்பாத் தெரியும். டப்பாவெல்லாம் மூடி உள்ள வச்சுட்டு அஞ்சு நிமிஷத்துல கிளம்பிட்டோம், இந்தத் தடவை பாறைக்கு 10 மீட்டர்ல, ஒருத்தர் பின்னால ஒருத்தரா. கடைசி முனையைத் திரும்பினப்ப மலை இடுக்கு வழியா ஒரு வீச்சு இறங்கி என் தொப்பியைப் பிடுங்கிட்டுப் போச்சு, நான் கையை நீட்டுறதுக்குள்ள அது 50 மீட்டர் தெக்கே போயிடுச்சு. எடுக்கப் போகவா விடுவாங்க, கைடு என் கயாக் மூக்கைப் பிடிச்சுட்டு "விடுங்க, போகட்டும்"னாங்க. கரையில ஏறி இறக்கிட்டுப் பாத்தா நாங்க சாப்பிட்ட இடத்துக்கு வெளிய கடல் முழுக்க வெள்ளை நுரை. நாளைக்கு எங்கன்னு கேட்டேன், காலைல பாத்துக்கலாம்னாங்க.